ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

புதுப் பழக்கங்கள் பெரும்பாலும் கும்பலாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. காலையில் எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீர், காபிக்குப் பதில் கிரீன் டீ, சர்க்கரைக்குப் பதில் தேன், சாயங்காலம் நடை, ராத்திரி சீக்கிரமே போனை அணைத்துவிட்டுப் படுக்கை. எல்லாம் ஒரே திங்கட்கிழமை தொடங்கும். மூன்று வாரம் கழித்து உடம்பு லேசாக இருக்கிறது. சரி, எதனால்? தெரியாது. வயிறு உப்புசமாக இருந்தாலும் இதே கதைதான். எதை நிறுத்துவது என்று தெரியாது. அதனால் ஒன்று, ஐந்தையும் கட்டிக்கொண்டு அழுகிறோம். இல்லையென்றால் ஐந்தையும் சேர்த்துக் கைவிடுகிறோம்.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். தினமும் காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கலாம். சிலருக்கு அது ஒரு வாரத்துக்கும் மேல் நீடிக்கும். காஃபின் நின்றதால் வருவது அது. ஆனால் அதே வாரம் புதிதாக ஒரு மூலிகைச் சாறும் குடிக்க ஆரம்பித்தவர் என்ன நினைப்பார்? ‘உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, அதனால்தான் தலை வலிக்கிறது’ என்று. தலைவலி நின்றதும், ‘நச்சு போய்விட்டது’ என்பார். சாறு எந்த வேலையும் செய்யாமலே நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். (உடம்பின் கழிவுகளைக் கவனிக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அவற்றுக்கு வாரக் கடைசியில் சாறு குடித்து ஓய்வு கொடுக்க வேண்டியதில்லை.)

ஆகவே ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மருத்துவ வரலாற்றில் இதை ஒழுங்காகச் செய்து பார்த்த முதல் சில முயற்சிகளில் ஒன்று, உணவைப் பற்றியதுதான்.

1747 மே மாதம். சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் லிண்ட். கப்பலில் ஸ்கர்வி நோய், அதாவது வைட்டமின் சி குறைவால் வருவது. ஈறு வீங்கி, உடம்பில் புள்ளி புள்ளியாகத் தோன்றி, முழங்கால் தளர்ந்து கிடந்த மாலுமிகளில் 12 பேரை அவர் தேர்ந்தெடுத்தார். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நிலை. எல்லோரையும் ஒரே இடத்தில் படுக்கவைத்து ஒரே சாப்பாடு கொடுத்தார். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து: ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, இன்னொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், இன்னொன்றுக்கு வினிகர், இன்னொன்றுக்குக் கடல்நீர், இன்னொன்றுக்குப் பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த லேகியம். ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். பழம் ஆறு நாளில் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். வைட்டமின் சி என்ற பொருளையே யாரும் அடையாளம் காணாத காலம் அது.

அந்த 12 பேருக்கும் லிண்ட் ஆறையும் கலந்து கொடுத்திருந்தால் எல்லோரும் தேறியிருப்பார்கள். வினிகரும் கடல்நீரும் ஸ்கர்விக்கு மருந்து என்று புகழ் பெற்றிருக்கும். நம் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இந்தக் கலவைதான்.

ஒரு வித்தியாசம். லிண்டிடம் 12 பேர் இருந்தார்கள். நம்மிடம் இருப்பது ஒரே உடம்பு. அதனால் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட முடியாது. நேற்றைய நம்மையும் இன்றைய நம்மையும்தான் ஒப்பிட வேண்டும். அதில் இரண்டு குழிகள் உண்டு.

முதலாவது, பல தொந்தரவுகள் தாமாகவே சரியாகும். சளி பிடித்தால் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் போய்விடும். மிக மோசமாக இருக்கும் மூன்றாவது, நான்காவது நாளில்தான் நாம் கைவைத்தியம் தேடுகிறோம். அன்று எதைக் குடித்தாலும் மறுநாளிலிருந்து குணம் தெரியும். முதுகுவலி, தூக்கமின்மை, முகப்பரு எல்லாமே ஏறி இறங்கும் சங்கதிகள். உச்சத்தில் இருக்கும்போது வைத்தியம் தொடங்கினால், இறக்கம் முழுவதும் வைத்தியத்தின் கணக்கில் சேரும்.

இரண்டாவது, எதிர்பார்ப்பு. நல்லது நடக்கும் என்று நம்பிச் செய்யும்போது வலி, களைப்பு, மனநிலை ஆகியவற்றை நாம் உணரும் விதமே மாறுகிறது. மருந்தே இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களிலும் ஒரு பங்கினர் நிவாரணம் கிடைத்ததாகச் சொல்வது ஆய்வுகளில் வழக்கமாகப் பார்ப்பதுதான். இதில் அவமானம் எதுவும் இல்லை. நிவாரணம் நிவாரணம்தான். ஆனால் அந்தப் பொருளுக்கு மாதாமாதம் காசு கொடுப்பதா, அடுத்தவருக்குச் சிபாரிசு செய்வதா என்று வரும்போது இது முக்கியமாகிவிடுகிறது.

இரண்டு குழிக்கும் ஒரே பாலம், ஒரு நோட்டு. மாற்றத்தைத் தொடங்கும் முன்பே ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், இப்போது எப்படி இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், எழுந்தபோது இருந்த களைப்புக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண், வயிறு எப்படி. நாளுக்கு ஒரு வரி போதும். அப்புறம் ஒரு மாற்றம், மூன்று நான்கு வாரம். பிறகு, பலரும் விட்டுவிடும் படி: ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் பழைய தொந்தரவு திரும்பி, மறுபடி தொடங்கியதும் குறைந்தால், அந்தப் பழக்கம் உங்களுக்கு ஏதோ செய்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். நிறுத்தியது உடம்புக்குத் தெரியவே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை வைத்து இந்த விளையாட்டு வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

உணவில் முதல் மாற்றமாக எதை எடுக்கலாம் என்று கேட்டால், நான் நார்ச்சத்தைத்தான் சொல்வேன். கவர்ச்சி இல்லாத பதில். ஆனால் பின்னால் இருக்கும் ஆதாரம் வலுவானது. பெரியவர்கள் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும் 400 கிராம் காய்கறி, பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் சுமார் 4 கிராம். வேகவைத்த பருப்பு அரைக் கோப்பையில் ஏழு, எட்டு கிராம். ஒரு மேஜைக்கரண்டி சியா விதையில் சுமார் 4 கிராம். வெள்ளை ரொட்டித் துண்டு ஒன்றில் ஒரு கிராம்கூடத் தேறாது.

நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடல்வரை அப்படியே போய்ச் சேரும் பகுதியை அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்துச் சாப்பிடுகின்றன. அப்போது உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள். கூடவே வாயுவும் உண்டாகிறது. ஆக, உப்புசம் என்பது ஏதோ தப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் வேகம் கூடிப்போனதற்கு அடையாளம். நாளுக்கு 10 கிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மறுநாளே 30 கிராமுக்குத் தாவினால் வயிறு கடமுடா என்றுதான் செய்யும். வாரத்துக்கு ஐந்து கிராம் போலக் கூட்டிக்கொண்டே போய், தண்ணீரையும் கூடக் கொஞ்சம் குடித்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடும். பயறு வகைகளை ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைப்பதற்குக் காரணமும் இதுதான்: நம் குடலால் உடைக்க முடியாத ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும்.

சியா விதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு தம்ளர் நீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்குங்கள். முதலில் மேலே மிதக்கும். சில நிமிடங்களில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடிபோல ஒரு வழவழப்பான உறை கட்டும். அரை மணி நேரத்தில் தம்ளர் முழுக்கக் கொழகொழவென்று ஆகிவிடும். தன் எடையைப் போல் பத்து மடங்குக்கு மேல் நீரை அது இழுத்துக்கொள்ளும். இந்த வேலை தம்ளருக்குள் நடப்பதே நல்லது. காய்ந்த விதையை அப்படியே வாயில் போட்டு மேலே தண்ணீர் குடித்து, உணவுக்குழாயில் அது உப்பி அடைத்துக்கொண்டு, மருத்துவமனையில் எடுக்க வேண்டிவந்ததாக மருத்துவப் பதிவு உண்டு. ஊறவைத்துச் சாப்பிடுங்கள் என்பதற்கு வேறு பெரிய தத்துவம் கிடையாது.

ராஜ்மா விஷயமும் அப்படித்தான். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நாலைந்து கொட்டை சாப்பிட்டாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். அதில் உள்ள லெக்டின் என்ற புரதம்தான் காரணம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, நீரை மாற்றி, தளதளவென்று கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் கொதிநிலையே வராமல் போகலாம் என்பதால், முதலில் அடுப்பில் கொதிக்கவிட்டுத்தான் அதில் போட வேண்டும்.

முளைகட்டிய பயறு? நல்ல உணவுதான். ஆனால் விதை முளைக்கத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் பாக்டீரியாவுக்கும் கொண்டாட்டம். 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை பாக்டீரியா பரவி ஏறக்குறைய 4000 பேர் நோயுற்றார்கள். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை கடைசியில் போய் நின்றது வெந்தய முளையில். அதனால் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் முளைகளைப் பச்சையாகச் சாப்பிடாமல் நன்கு வேகவைத்துச் சாப்பிடுவதே சரி.

தேனைப் பற்றி இரண்டே வார்த்தை. அதில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேனும் பழச்சாறும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே பட்டியலில்தான் வருகின்றன: மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே. அந்த 5 சதவீதம் என்பது நாளுக்குச் சுமார் 25 கிராம். ருசிக்காகத் தேன் சாப்பிடுங்கள், சர்க்கரையிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நினைத்து வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் துளிகூடத் தரக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பெரியவர்கள் குடலில் ஒன்றும் செய்யாது. குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கவைக்கும் நஞ்சை உண்டாக்கும்.

ஆப்பிள் வினிகர் குடிப்பவர்கள், அது சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம் என்பதை நினைவில் வைத்தால் போதும். நீர்க்காமல் குடித்தால் பல் எனாமலும் தொண்டையும் பாதிக்கப்படும்.

சமையலறை அளவும் மாத்திரை அளவும் வேறு வேறு என்பதுதான் இயற்கைப் பொருள்களில் பலரும் கோட்டைவிடும் இடம். ஒரு கோப்பை கிரீன் டீ பாதுகாப்பானது. அதே இலையின் சாரத்தைச் செறிவூட்டிக் குளிகையில் அடைத்து, அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருளை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. மஞ்சளும் அப்படியே. குழம்பில் போடும் சிட்டிகை ஒரு கதை, மிளகுச் சாரம் சேர்த்து உடம்பு அதிகமாக உறிஞ்சும்படி செய்த குளிகை வேறு கதை. அந்தக் குளிகைகளால் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள்.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. அதைக் கண்டுபிடித்ததே தற்செயலாகத்தான். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். மதுவின் ருசி தெரியாமலிருக்க, ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தின் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறிவிட்டது. குற்றவாளி மதுவா என்று பார்த்தால், பழச்சாறு. 1989-ல் இது வெளியானது. குடல் சுவரில் பல மருந்துகளை உடைத்துக் குறைக்கும் ஒரு நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுகிறது. உடம்பு புது நொதியைச் செய்து முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே மாத்திரையைக் காலையிலும் பழத்தை மாலையிலும் எடுத்தால் தப்பிக்கலாம் என்ற கணக்கும் செல்லாது. கொலஸ்ட்ராலுக்கான சில ஸ்டாட்டின் மருந்துகளும் இந்த வகை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினாலோ குறைத்தாலோ, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். எனவே மருந்து எடுக்கிறவர் புது மூலிகையோ சாறோ தொடங்கும் முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ‘இயற்கைதானே’ என்பது அங்கே பதில் ஆகாது.

வீட்டுப் பக்கம் வருவோம். செடி வளர்த்தால் அறைக் காற்று சுத்தமாகும் என்ற நம்பிக்கைக்கு மூலம், நாசா 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை அது. நம் வீடு மூடிய பெட்டி இல்லையே. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் பழைய சோதனைகளை எல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் காற்று உள்ளே வந்து வெளியே போவதால் கிடைக்கும் சுத்தத்துக்கு ஈடாக வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று வந்தது. செடி கண்ணுக்கு அழகு, வளர்ப்பது மனசுக்கு இதம். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து துடைப்பது இன்னொரு பிரபலம். நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய், மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே உழைக்கும்: பிசுக்கைத் தேய்க்க சோடா, உப்புக் கறைக்கு வினிகர். ஆனால் வினிகரை பிளீச்சோடு மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

நறுமண எண்ணெய்களைத் தோலில் நேரடியாகப் பூசக் கூடாது. வேறு எண்ணெயில் நன்றாக நீர்த்து, முழங்கையின் உட்புறம் ஒரு துளி வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். யூகலிப்டஸ், கற்பூர எண்ணெய்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரலாம். பூனை உள்ள வீட்டில் டீ ட்ரீ எண்ணெய் வேண்டாம்.

இனி, பழக்கமாவது பற்றி. ஒரு பழக்கம் 21 நாளில் ஒட்டிக்கொள்ளும் என்ற கணக்கை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தார்கள். தினமும் ஒரே தருணத்தில் ஒரு சிறு செயல். சாப்பாட்டோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பின் ஒரு தம்ளர் நீர் என்கிற மாதிரி. யோசிக்காமலே கை போகும் நிலை வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. நடுவே ஒரு நாள் தவறியது யாரையும் பெரிதாகப் பின்னுக்குத் தள்ளவில்லை. அந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த முடிவு அதுதான். ‘நேற்று விட்டுப்போச்சு, இனிமே எதுக்கு’ என்று சொல்லி எத்தனை நல்ல பழக்கங்கள் பாதியில் நின்றிருக்கும்!

ஏற்கெனவே தினம் செய்யும் ஒன்றோடு புதியதை முடிந்து வைப்பது சுலபம். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தினமும் நடக்கணும்’ என்ற தீர்மானத்தில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. இதில் தட்டுதான் மணி அடிக்கிறது. சாப்பிட்டதும் சற்று நடந்தால், ரத்தத்தில் சர்க்கரை ஏறும் உயரம் குறையும் என்பதும் நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

இதெல்லாம் ஓரளவு ஆரோக்கியமாக இருப்பவர் செய்து பார்ப்பதற்கு. காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், நாள்கணக்கில் விடாத காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். புது உணவு சாப்பிட்டதும் உதடோ தொண்டையோ வீங்கினால் அது அவசரம். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் மூலிகைச் சோதனைகளில் தாமாக இறங்கவே கூடாது.

எங்கிருந்து தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், பதில் சீக்கிரம் தெரிகிற ஒன்றை எடுங்கள். மதியத்துக்குப் பின் காபியை நிறுத்துவது அப்படி ஒன்று. காஃபினில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை நாலு மணிக்கு உள்ளே போன 100 மில்லிகிராமில் ஒன்பது மணிக்கும் 50 மிச்சம் இருக்கும். காலைக் காபியில் கை வைக்காததால் தலைவலித் தொல்லையும் அவ்வளவாக இருக்காது. தூக்கத்தில் வித்தியாசம் உண்டா இல்லையா என்பது இரண்டு வாரத்தில் நோட்டிலேயே தெரிந்துவிடும். அடுத்தது நார்ச்சத்து, அதற்கு ஒரு மாதம் கொடுங்கள். அப்புறம் சாப்பாட்டுக்குப் பிறகான நடை. பொடி, குளிகை, சாரம் எல்லாம் வரிசையின் கடைசியில் நிற்கட்டும்.